விடியும் முன் பின்னொளியில் முகம்: எக்ஸ்போஷரைத் தீர்மானிக்கும் முறை

சென்னை நொச்சிக்குப்பம் கரையில், சூரியன் எழுவதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பு, வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரை அவருடைய அனுமதியோடு கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு வானத்தின் செம்மையும் அவர் முகத்தின் சுருக்கங்களும் ஒருசேரத் தெரிகின்றன. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரோ மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. பெரும்பகுதி வானமாக இருப்பதால் முகம் இருண்டுவிடுகிறது.

இங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, நாமே தீர்மானிக்கும் மேனுவல் முறைக்கு மாறுவதே நல்லது. ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கைத் தேர்ந்து, 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 2-இலும், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600-இலும் வைத்து, முதலில் கன்னத்தையும் பிறகு அடிவானத்துக்குச் சற்று மேலுள்ள வானத்தையும் தனித்தனியே அளக்கவும். ஷட்டர் வேகம் கன்னத்துக்கு 1/30 நொடி, வானத்துக்கு 1/250 நொடி என்று வந்தால் இரண்டுக்கும் இடையே மூன்று ஸ்டாப் வேறுபாடு இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). 1/30-இல் எடுத்தால் முகம் நடுத்தர வெளிச்சத்தில் கிடைக்கும். ஆனால் வானம் வெளுக்கும் எல்லையைத் தொட்டுவிடும், ஆள் லேசாக அசைந்தாலும் படம் கலங்கும். 1/250-இல் எடுத்தால் வானம் நிற்கும், முகம் ஏறக்குறைய நிழலுருவாகிவிடும். நான் தேர்ந்தெடுப்பது 1/60-க்கு இணையான அளவு: முகம் நடுத்தரத்துக்கு ஒரு ஸ்டாப் கீழே, வானம் இரண்டு ஸ்டாப் மேலே. அசைவை நிறுத்த ஷட்டரை 1/125 ஆக்கி, ஐஎஸ்ஓவை 3200-க்கு உயர்த்தினால் அதே எக்ஸ்போஷர்தான் கிடைக்கும்.

முகம் ஒரு ஸ்டாப் குறைகிறதே என்று தயங்க வேண்டாம். தோலை மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்கச் சொல்லும் பழைய விதி வெளிர் தோலுக்கானது. வெயிலில் கறுத்த முகத்தை அப்படி எடுத்தால் அந்தக் கருமையின் செழுமை போய், சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஒரு மனிதரின் நிறத்தை நம் அளவீடு மாற்றிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கரிய தோல் நடுத்தரத்துக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் கீழே இருப்பதே இயல்பு. மாநிறமானால், கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் அரை ஸ்டாப் உயர்த்திக்கொள்ளலாம். மூன்று ஸ்டாப் வரை உயர்த்த நேர்ந்தால் தாடை நிழலில் இரைச்சல் புள்ளிபுள்ளியாகத் தெரியும். என்றாலும் அதைக் குறைக்க வழி உண்டு. முற்றிலும் வெளுத்துப்போன வானத்தில் மீட்பதற்கு எதுவுமே மிஞ்சாது. ஆகவே முதல் படத்தை எடுத்ததும், திரையில் வெளுத்த பகுதிகள் மின்னும் எச்சரிக்கையை ஒருமுறை பார்த்துவிடவும்.

வேறுபாட்டையே குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மீன் பெட்டியின் வெள்ளைத் தெர்மாகோல் மூடியைச் சட்டகத்துக்கு வெளியே, மார்பு உயரத்தில் முகத்தை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால், கீழ்வானத்து ஒளி அதில் பட்டுத் திரும்பி, கண்குழியின் இருட்டைத் தளர்த்தும். விழியில் சிறு வெள்ளைப் புள்ளியும் விழும். ஃபிளாஷ் போடுவதானால் அதன் அளவை ஒன்றரை ஸ்டாப் குறைத்து, ஆரஞ்சுத் தாள் ஒன்றை முன்னால் ஒட்டவும். கைப்பேசியில் முகத்தைத் தொட்டு ஃபோக்கஸைப் பூட்டிய பிறகு, திரையில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்யலாம்.

விடியலில் வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், ஐந்தாறு படங்களுக்கு ஒருமுறை கன்னத்தையும் வானத்தையும் மீண்டும் அளக்க வேண்டும். சூரியனின் விளிம்பு தெரிந்ததும் வேறுபாடு சட்டென்று கூடிவிடும். அப்போது அவரைச் சற்றுத் திருப்பி, பக்கவாட்டு ஒளியில் நிறுத்திவிடுங்கள்.