அன்னா மணி பற்றிப் பேசப் போகிறீர்களா? முதலில் ஒரு மழைமானி செய்யுங்கள்

அறிவியல் கண்காட்சி என்றாலே சார்ட்டில் படத்தை ஒட்டி, பிறந்தது 1918, பீர்மேடு என்று ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். வானிலை விஞ்ஞானி அன்னா மணி வாழ்நாளெல்லாம் கருவியோடு இருந்தவர், அதனால் கையில் கருவி இருந்தால்தான் பேச்சு வரும். மழைக்கு ஏற்காட்டில் பஞ்சமில்லை.

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை, கழுத்துச் சரிவு முடிந்து நேராகும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்து உள்ளே செருகி டேப் ஒட்டுங்கள். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். மேலே மில்லிமீட்டர் ஸ்கேல். ஒவ்வொரு நாளும் அளந்ததும் பூஜ்யம் வரை கொட்டிவிட வேண்டும்.

எங்கே வைப்பது? வெட்டவெளியில், பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி. நான் முதல் முறை சில்வர் ஓக் அடியில் வைத்துவிட்டு, மழையே பெய்யாத ராத்திரிக்கு 2 மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், எல்லாம் இலையில் சொட்டிய பனிமூட்டத் தண்ணீர்.

இந்த இடத்தில் அன்னா மணியின் கதையை எடுங்கள். 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தபோது கருவிகள் பலவும் வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வைத்தார்.

எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும், சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தோடு வேண்டாம் என்றவர் 1940இல் பெங்களூரில் இயற்பியல் விஞ்ஞானி சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போய் வருடக்கணக்கில் வைரத்தைத்தான் ஆராய்ந்தார், ஒரு நிறமாலைப் படத்துக்கே 15, 20 மணி நேரம் ஆகும், ராத்திரி அங்கேயே தூங்கியிருக்கிறார். ஆய்வேட்டையும் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, அளக்கும் நேரம் காலை 8:30, வானிலைத் துறையும் அப்போதுதான் அளக்கிறது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். காப்பி எஸ்டேட்காரர் யாராவது வந்து எத்தனை இஞ்ச் என்று கேட்பார், 25.4ஆல் வகுத்துச் சொல்லுங்கள்.