பழைய மடிக்கணினியில் யுஎஸ்பி கார்டு: மலைப்பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களின் சிறு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் பழைய மடிக்கணினிகள் இன்றும் அன்றாட வேலைக்குப் பயன்படுகின்றன. பல ஆண்டுக் கணக்குகள் அதில்தான் இருக்கின்றன என்பதாலோ, புதிது வாங்கும் செலவைத் தள்ளிப்போட வேண்டியிருப்பதாலோ அவற்றை விட்டுவிட மனமில்லாதவர்கள், இருக்கும் இரண்டு மூன்று யுஎஸ்பி போர்ட்டுகள் போதாதபோது, பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகினால் கூடுதல் யுஎஸ்பி போர்ட்டுகளைத் தரும் கார்டு ஒன்றை வாங்குகிறார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் செருகியவுடன் வேலை செய்யவில்லையென்றால் கார்டே பழுது என்று தீர்மானித்து மூலையில் போட்டுவிடுகிறார்கள். கார்டின் சிப் கெட்டுப்போவது அரிது. அதற்குக் கிடைக்கும் மின்சாரமோ அதன் தொடுமுனைகளோ சரியில்லாமல் இருப்பதே வழக்கம்.

ஸ்லாட் எந்த வகை என்று பாராமல் கார்டு வாங்குவதில் குழப்பம் தொடங்குகிறது. பழைய பிசி கார்டு ஸ்லாட்டும், 2003-இல் அறிமுகமான எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பிசி கார்டின் அகலம் 54 மில்லிமீட்டர். எக்ஸ்பிரஸ்கார்டு 34 மில்லிமீட்டர் அகலத்திலும் 54 மில்லிமீட்டர் அகலத்திலும் வருகிறது. எக்ஸ்பிரஸ்கார்டின் தடிமனும், பிசி கார்டுகளில் பரவலான இரண்டாம் வகையின் தடிமனும் 5 மில்லிமீட்டர்தான். அதனால் குறுகலான எக்ஸ்பிரஸ்கார்டு, அகலமான பிசி கார்டு ஸ்லாட்டுக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். ஆனால் எதனுடனும் இணையாது. உள்ளே போய்விட்டதே என்று மேலும் அழுத்துவதுதான் ஆபத்து. பிசி கார்டு ஸ்லாட்டின் அடியில் 68 மெல்லிய ஊசிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் பிறகு சரியான கார்டு கூட வேலை செய்யாது. டார்ச் வெளிச்சத்தில் ஸ்லாட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுச் செருகுவது நல்லது. பிசி கார்டு வடிவத்திலேயே 16 பிட் வகையும் 32 பிட் கார்ட்பஸ் வகையும் உண்டு. இணைப்பு முனையை ஒட்டி, சிறு மேடுகளுடன் பொன்னிறப் பட்டை ஒன்று இருந்தால் அது கார்ட்பஸ். வேகமான யுஎஸ்பி 2.0 கார்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 16 பிட் மட்டுமே ஏற்கும் மிகப் பழைய ஸ்லாட்டில் அவை முழுவதும் உள்ளே போகாதபடியே செய்யப்பட்டிருக்கின்றன.

மின்சாரத்தைப் பற்றி யோசிக்காமலிருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் தருவது 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் மட்டுமே. யுஎஸ்பி கருவிக்கோ 5 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் ஸ்லாட் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 1 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3.3 வாட். யுஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று முறைப்படி தர வேண்டியது 900 மில்லிஆம்பியர், அதாவது 4.5 வாட். இரண்டு போர்ட்டுகள் உள்ள கார்டால் ஸ்லாட்டை மட்டும் நம்பி இதைக் கொடுக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அதற்காகவே பல கார்டுகளின் ஓரத்தில் சிறிய வட்டத் துளை ஒன்றும், பெட்டிக்குள் அதற்கான துணைக் கேபிளும் இருக்கின்றன. அந்தக் கேபிளின் மறுமுனையை மடிக்கணினியின் சொந்த யுஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும் என்பதால், போர்ட்டை மிச்சப்படுத்த வாங்கிய கார்டுக்கு ஒரு போர்ட்டை இழப்பதா என்று பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். மவுஸும் பென்டிரைவும் வேலை செய்து, வெளி ஹார்டு டிஸ்க் மட்டும் ‘டிக் டிக்’ என்று ஒலித்து நின்றுபோனால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தக் கேபிளை இணைத்துப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதிக மின்னோட்டம் கேட்கும். துணைக் கேபிளும் போதாதென்றால், ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துத் தரும் ஹப்பில், தனி அடாப்டருடன் வருவதைக் கார்டுடன் இணைத்து, ஹார்டு டிஸ்க்கை அந்த ஹப்பில் செருகலாம். கேபிள் தொலைந்துவிட்டது என்று வைஃபை ரவுட்டரின் அடாப்டரை அந்த வட்டத் துளையில் செருகவே கூடாது. அவற்றில் பல 9 அல்லது 12 வோல்ட் தருபவை. முனை பொருந்தினாலும் கார்டும், அதில் செருகியிருக்கும் கருவியும் ஒன்றாகக் கருகிப்போகும்.

சமவெளியில் இருப்பவர்கள் அதிகம் நினைக்கத் தேவையில்லாத ஒன்றை மலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. அது ஈரம். மார்கழிக் குளிரில் வண்டிப் பெட்டியில் கிடந்த மடிக்கணினியை, அடுப்பெரியும் வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால், அறைக் காற்றிலுள்ள நீராவி அதன் குளிர்ந்த உலோகப் பகுதிகளில் பனித்துளியாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் மூடியைத் துடைத்துவிடுவோம். ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஊசிகளில் படிந்ததைத் துடைக்க முடியாது. அந்த நிலையில் கார்டைச் செருகி இயக்கினால் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது; நாளடைவில் தொடுமுனைகள் மங்கிப் பச்சை பூக்கும். அதிகாலையில் ஊட்டியிலிருந்து புறப்பட்டு மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதும் இதேதான் நடக்கிறது. பையின் ஜிப்பைத் திறக்காமலே சில மணி நேரம் வைத்து, உள்ளே இருப்பது அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு எடுப்பதுதான் சரியான வழி. கணப்பின் அருகே வைத்தோ ஹேர் டிரையரால் ஊதியோ அவசரப்படுத்த வேண்டாம். மங்கிய தொடுமுனையைச் சுத்தம் செய்ய, செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். நீர் கலந்த மருந்துக்கடை ஸ்பிரிட் இதற்கு ஏற்றதல்ல. சுத்தம் செய்யும்போது பேட்டரியையும் கார்டையும் கழற்றியிருக்க வேண்டும், முழுவதும் உலர்ந்த பிறகே மறுபடி செருக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கார்டு கணினியில் தெரியவில்லையென்றால்தான் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பக்கம் போக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் யுஎஸ்பி 2.0 வேலை செய்ய அதற்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தல் தொகுப்பாவது இருக்க வேண்டும். யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் விண்டோஸ் 7 வரை உடன் வருவதில்லை, விண்டோஸ் 8-இலிருந்துதான் வருகிறது. லினக்ஸில் 2009-இல் வெளியான 2.6.31 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்டு. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து டிரைவர் தேடுவது வீண் அலைச்சல், ஏனெனில் பெயர்கள் பலவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்புகள் சிலவே. கணினியிலுள்ள கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால், 1033 என்ற எண் என்இசி நிறுவனத்தையும், 1106 வியா நிறுவனத்தையும், 1912 ரெனெசாஸ் நிறுவனத்தையும் குறிக்கும். அந்தச் சிப்புக்கான டிரைவரே தேவை. பிழை எண்ணையும் படிக்க வேண்டும்: 28 என்றால் டிரைவர் இல்லை, 12 என்றால் கணினியால் கார்டுக்கு வேண்டிய வளங்களை (நினைவக முகவரி போன்றவை) ஒதுக்க முடியவில்லை. இரண்டாவதற்கு டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அந்த வளங்களை விடுவிக்க, பயன்படாத பழைய மோடம், இன்ஃப்ராரெட் போன்றவற்றை முடக்கிப் பார்க்கலாம். யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்று டிவைஸ் மேனேஜரில் மூன்று கன்ட்ரோலர்களாகத் தெரிவதுண்டு. ஒன்று வேகமான கருவிகளுக்கு, மற்றவை மவுஸ், கீபோர்டு போன்ற மெதுவான கருவிகளுக்கு. இரட்டிப்பாகப் பதிவாகிவிட்டது என்று நினைத்து அவற்றை முடக்கினால், பென்டிரைவ் தெரியும், மவுஸ் தெரியாது.

கார்டில் செருகிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க முயல வேண்டாம். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பழைய பதிப்புகள் பொதுவாக அந்த போர்ட்டுகளைக் காண்பதில்லை. தூக்க நிலையிலிருந்து எழுந்த பிறகு மட்டும் கார்டு மறைந்துபோனால், டிவைஸ் மேனேஜரில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை நிறுத்த அனுமதிக்கும் தேர்வை நீக்கிவிட வேண்டும். முதல் தலைமுறை எக்ஸ்பிரஸ்கார்டு வழி நொடிக்கு 250 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது என்பதால், யுஎஸ்பி 3.0-இன் முழு வேகம் வரவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பதும் நியாயமல்ல.

கார்டு உண்மையிலேயே பழுதா என்று உறுதிசெய்ய, அதே வகை ஸ்லாட் உள்ள இன்னொரு மடிக்கணினியில் செருகிப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. மலையில் அப்படி ஒன்று கிடைக்காமல் கோயம்புத்தூர் கடைக்குக் கொண்டுபோவதானால், கார்டை மட்டும் எடுத்துச் செல்லாமல் மடிக்கணினி, அதன் அடாப்டர், துணைக் கேபிள், வேலை செய்ய மறுக்கும் ஹார்டு டிஸ்க் ஆகிய அனைத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். அங்கே கார்டு வேலை செய்துவிட்டால், குறை வேறு எதில் என்று அதே இடத்தில் பார்த்துவிடலாம்.