கொட்டேஷன் கேட்கும் முன் தேவையை ஒரே தாளில் எழுதுங்கள்

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு எந்த உதவிக் கருவி தேவை என்று அரசு நிதியில் நடக்கும் தேவை மதிப்பீட்டுக்காகக் கொட்டேஷன் வாங்கும்போது, தேவையை ஒரே தாளில் எழுதி, எல்லா விற்பனையாளர்களுக்கும் அதை அப்படியே அனுப்புங்கள். பிராண்டு, மாடல் பெயர் வேண்டாம். பயனாளி அதை வைத்து என்ன செய்ய வேண்டும், குறைந்தபட்சம் என்ன திறன் இருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். விலையையும் மொத்தமாகக் கேட்காமல், கருவி, மென்பொருள் உரிமம், டெலிவரி, பொருத்தித் தருவது, பயிற்சி, உத்தரவாதம், வரி என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள்.

ஆளுக்கொரு மாதிரி வரும் கொட்டேஷன்களை ஒப்பிடவே முடியாது. மலிவாகத் தெரிவதில் பயிற்சியோ வரியோ விட்டுப்போயிருக்கும். ஒப்புதலுக்குப் பிறகு அது தெரியவந்தால், அவதிப்படுவது கருவிக்காகக் காத்திருப்பவர்தான். அப்புறம், விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். ஒப்புதல் தாமதமாகி அந்தத் தேதி தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கண் அசைவால் இயங்கும் தொடர்புக் கருவி, உடல் அளவுக்கேற்பச் செய்யும் சக்கர நாற்காலி இருக்கை போன்றவற்றுக்கு மாடல் பெயர் சொல்லாமல் கேட்பது சரிவராது. சோதித்துப் பார்த்து ஒரே மாடல்தான் பொருந்துகிறது என்றால் பெயர் சொல்லியே கேளுங்கள். மற்றவை ஏன் ஒத்துவரவில்லை என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். நிதி தரும் துறையே விற்பனையாளரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், முதலில் அவர்களின் விதியைப் பாருங்கள். பல இடங்களுக்கு அனுப்பும் வேலையே இருக்காது.