தாய்த் தீமில் கை வைத்தால் என்ன ஆகும்?

மூன்று இரவுகள் உட்கார்ந்து என் இணையதளத்தின் தலைப்பகுதியைச் செதுக்கியிருந்தேன். மறுவாரம் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்தினேன். கண்மூடித் திறப்பதற்குள் பழைய கோலத்துக்குத் திரும்பிவிட்டது. பிழை என்னுடையதுதான். தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பான தீமின் கோப்புகளிலேயே எழுதியிருந்தேன். தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு தீமைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புறையை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. அதில் நம் உழைப்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அன்று முதல் சைல்டு தீம்தான்: மூலத் தீமான தாயைத் தொடாமல், நம் மாற்றங்களை மட்டும் தாங்கும் சேய்த் தீம். முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு தாய்த் தீமின் கோப்புறை இருக்கும் இடத்திலேயே இன்னொரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் தோற்ற விதிகளுக்கான ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற கோப்பை வையுங்கள். அதன் உச்சியில், கமெண்ட் குறிகளுக்குள் (/* */), இரண்டு வரிகள் போதும்: ‘தீம் நேம்’ என்பதில் சேயின் பெயர், ‘டெம்ப்ளேட்’ என்பதில் தாயின் கோப்புறைப் பெயர். (கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.) தீமின் அலங்காரப் பெயரை அங்கே எழுதாதீர்கள், கோப்புறையின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே ஒரு பெரிய எழுத்துக்காக நான் அரைமணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

தலைப்பகுதியை மாற்ற, தாயின் ஹெடர்.பிஎச்பி கோப்பைச் சேய்க்குள் நகலெடுத்துத் திருத்துங்கள். சேயில் இருப்பதையே வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும். தீமின் செயல்பாட்டு நிரல்கள் இருக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் வேறு சாதி. சேயினுடையது முதலில் ஓடும், பின்னாலேயே தாயினுடையதும் ஓடும். அதை முழுதாக நகலெடுத்தால் ஒரே ஃபங்ஷன் இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே நின்றுபோகும். உங்கள் புதிய வரிகளை மட்டும் எழுதுங்கள். தாயின் ஸ்டைல் தானாக வராமல் பக்கம் அலங்கோலமாகத் தெரிந்தால், அதை அழைக்கும் வரியும் இங்கேதான் சேர வேண்டும்.

சேயை இயக்கியதும் லோகோ, மெனு, நிறங்கள் காணாமல் போகலாம். பதற வேண்டாம். கஸ்டமைசர் (தோற்றத்தை மாற்றும் திரை) அமைப்புகள் தீம்வாரியாகச் சேமிக்கப்படுவதால் தாயின் கணக்கில் அவை பத்திரமாக இருக்கின்றன. சேய்க்கு மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள். தாய்த் தீமை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

நிறமும் எழுத்தளவும் மாற்ற மட்டும் இத்தனை பாடு தேவையில்லை. 2016இல் வந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பு முதலே கஸ்டமைசரில் ‘அடிஷனல் சிஎஸ்எஸ்’ பெட்டி இருக்கிறது. அதில் எழுதுவது தரவுத்தளத்தில் சேர்வதால் அப்டேட் தொடாது.

நகலெடுத்த கோப்புக்குத் தாயின் திருத்தங்கள் வந்து சேராது, பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட. அதனால் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டு ஹெடர் கோப்புகளையும் அருகருகே திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.