ஒரு கைபேசி, நாற்பது பிள்ளைகள்: ஆங்கில வகுப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் முறை

கிராமப்புற அரசு நடுநிலைப் பள்ளிகளில், தமிழ்வழியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பில் 35 முதல் 40 பேர் இருப்பார்கள். ஆசிரியரிடம் சொந்தக் கைபேசி ஒன்று இருக்கும். பள்ளிக்குள் இணைய இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த நிலையில் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. முந்தைய நாள் மாலையில் பாடம் தயாரிக்க உட்காரும் ஆசிரியருக்குத்தான் அவை உதவும்.

இதற்கு மாறான அனுபவம் ஒன்று நைஜீரியாவில் உண்டு. 2024இல் அந்நாட்டின் எடோ மாநிலத்தில் உலக வங்கியின் துணையோடு 6 வாரச் சோதனை ஒன்று நடந்தது. மேல்நிலை முதலாண்டு மாணவர்கள் பள்ளி நேரம் முடிந்த பிறகு, இருவருக்கு ஒரு கணினி என்ற கணக்கில் அமர்ந்து, மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியின் உதவியோடு ஆங்கிலம் பயின்றார்கள். அதில் சேராதவர்களைவிடத் தேர்வில் நன்றாகவே செய்தார்கள். இதைப் படித்தவுடன் கணினிகளைக் கேட்டு விண்ணப்பம் எழுதத் தோன்றும். ஆனால் அங்கும் ஆசிரியர் ஒதுங்கி நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய பொருளை எடுத்துக்கொடுத்ததும், எதைக் கேட்டுத் தொடங்குவது என்று காட்டியதும், மாணவர்களுக்கு வழிகாட்டியதும் ஆசிரியர்களே. கணினி இல்லாத பள்ளியிலும் அந்தப் பங்கை நாம் செய்ய முடியும்.

வாசிப்புப் பத்தி தயாரித்தல்

முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். பலன் உடனே தெரிவதும் இதில்தான். பாடநூலில் உள்ள பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிடுகிறது. வாசிக்கிறதா ஒப்பிக்கிறதா என்று நமக்குத் தெரிவதில்லை. அதே சொற்களைக் கொண்டு புதிய பத்தி ஒன்று கையில் இருந்தால் அது தெரிந்துவிடும்.

‘சந்தையைப் பற்றி ஆறாம் வகுப்புக்கு ஒரு பத்தி எழுது’ என்று மட்டும் கேட்டேன். வந்த பத்தியில் ஒரு சிறுமி ஸ்ட்ராபெரி வாங்கினாள், கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள், டாலரில் பணம் கொடுத்தாள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் செயலி தனக்கு அதிகம் பழகிய உலகத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே கட்டளையை இந்த அளவுக்கு விரித்துக் கொடுக்க வேண்டும்:

‘தமிழ்நாட்டுக் கிராமத்தில் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு, எளிய ஆங்கிலத்தில் 80 சொற்களில் ஒரு பத்தி எழுது. பாட்டியுடன் வாரச் சந்தைக்கு ஆட்டுக்குட்டி வாங்கப் போன சிறுமியைப் பற்றியது. ஒரு வாக்கியத்தில் 8 சொற்களுக்கு மேல் வேண்டாம். இறந்தகாலம் மட்டும் வரட்டும். கீழே உள்ள 8 சொற்களும் கட்டாயம் வர வேண்டும்; அவற்றைத் தவிர வேறு கடினச் சொல் கூடாது.’

இதன் கீழே பாடநூலின் 8 சொற்களையும் எழுதிக் கேட்ட பிறகு கிடைத்த பத்தி பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆட்டுக்குட்டியின் விலை மட்டும் 200 ரூபாய் என்று போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்குள் பாதிப் பாடவேளை போய்விட்டது. விலை, பருவம், பயிர், உறவுமுறை ஆகிய நான்கையும் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சொற்களை எண்ணுவதிலும் இந்தச் செயலிகள் தவறுகின்றன. 80 என்று கேட்டால் 110 வரக்கூடும். எண்ணிப் பார்த்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

பிழைகளைத் தமிழிலிருந்து பார்த்தல்

என் கணிப்பில் இந்தக் கருவியின் பெரும்பயன் இங்கேதான் இருக்கிறது. ஆசிரியரின் அறிவு மிகுதியாகத் தேவைப்படுவதும் இங்கேதான்.

கட்டுரை நோட்டுகளைத் திருத்தும்போது, பிழையுள்ள 15 வாக்கியங்களை, யார் எழுதியது என்ற குறிப்பில்லாமல் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். ‘இவற்றைப் பிழையின் வகைப்படி பிரித்துக் கொடு, ஒவ்வொரு வகைக்கும் தமிழ் வாக்கிய அமைப்பில் காரணம் இருக்குமானால் சொல்’ என்று கேளுங்கள். பிரித்துக் கொடுப்பதைச் செயலி நன்றாகவே செய்யும். காரணம் சொல்வதில் சில நேரம் சரியாகவும் சில நேரம் வாய்க்கு வந்தபடியும் சொல்லும். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும் என்பதால் கவனம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்’ என்பதை ஒரு பிள்ளை ‘ஐ ஆம் ஒன் சிஸ்டர்’ என்று எழுதுகிறது. செயலி அதை ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’ என்று திருத்திவிட்டு, வினைச்சொல் தவறு என்று முடித்துக்கொள்கிறது. ஆனால் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் தமிழில் இல்லை. உறவானாலும் காய்ச்சலானாலும் பசியானாலும் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கித்தான் நாம் சொல்கிறோம். ‘எனக்கு… இருக்கிறது’ என்று வரும் பல இடங்களில் ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ்’ வரும் என்று இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் பிள்ளைக்குப் பிடிபடுகிறது; பசிக்கும் தாகத்துக்கும் அப்படி வராது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

வினாவும் அப்படித்தான். ‘வந்தான்’ என்பதோடு ‘ஆ’ சேர்த்தால் ‘வந்தானா?’ என்று வினாவாகிவிடுகிறது. காலம் வினைச்சொல்லிலேயே இருந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ முன்னால் வந்து காலத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது, வினை ‘கம்’ என்று பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. ‘டிட் ஹி கேம்?’ என்று எழுதும் பிள்ளை காலத்தை இரண்டு இடத்தில் வைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்த விளக்கத்தை நீங்கள் செயலிக்குச் சொல்லி, ‘இந்த ஒரு பிழைக்கு மட்டும், பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில் வரும் 12 வினாக்களைப் பயிற்சியாகக் கொடு’ என்று கேட்டால், தயங்காமல் எழுதித் தரும். ஒரு வாரத்துக்கு ஒரு பிழை போதும். செயலி காட்டும் ஒன்பது வகைப் பிழைகளையும் ஒரே நாளில் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால், பிள்ளை அடுத்த முறை மூன்று வரிக்கு மேல் எழுதாது.

உச்சரிப்பு

பாடநூலில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. செயலியிடம் கேட்டால் முழுப் பாடத்தையும் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்துவிடும். கேட்காதீர்கள். ‘பேக்’ என்ற தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, அடுப்பில் ரொட்டி சுடுவதா என்று யாராலும் சொல்ல முடியாது. வல்லினத்தின் வன்மை மென்மையைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை. சொல்லில் அது நிற்கும் இடத்தைக் கொண்டு நாம் அறிகிறோம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றிவிடுகிறது.

இதற்குப் பதிலாக, இப்படி இணை இணையாக மயங்கும் 10 சொற்களைச் செயலியிடம் வாங்கி, கைபேசியின் ஒலிப்பு வசதியில் மெதுவான வேகத்தில் நீங்கள் முதலில் கேளுங்கள். பிறகு வகுப்பில் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். கைபேசியின் ஒலி கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. பிள்ளைகளைப் பேசவிட்டு மதிப்பெண் போடும் செயலிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பேச்சறியும் கருவிகள் பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பயிற்றப்பட்டவை; சிறுவர் குரலில், அதுவும் இரைச்சலுள்ள வகுப்பறையில், சரியாகச் சொன்ன சொல்லையும் தவறென்று காட்டிவிடுகின்றன. வீட்டில் தனியாக வாசித்துப் பழக, தமிழும் ஆங்கிலமும் உள்ள கூகுளின் ரீட் அலாங் போன்ற செயலியைப் பெற்றோரிடம் சொல்லலாம்.

தமிழ் விளக்கங்களும் பிற எச்சரிக்கைகளும்

செயலி எழுதும் தமிழை அப்படியே பலகையில் எழுத வேண்டாம். ‘ஹேவ் எ நைஸ் டே’ என்பதற்கு ‘ஒரு நல்ல நாளைக் கொண்டிருங்கள்’ என்று எழுதக்கூடிய கருவி அது. ஒற்று விடுபடும், ல-ள-ழ மயங்கும். ஆங்கிலம் கற்கும் வகுப்பில் தமிழ் கெட்டுவிடக் கூடாது.

தமிழ்ச் சொல்லை இந்தச் செயலிகள் ஆங்கிலச் சொல்லைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால், இலவசப் பயன்பாட்டின் அளவு விரைவில் தீர்ந்துவிடலாம். பாடத்துக்கு ஒரு புதிய உரையாடல் தொடங்குங்கள். பயன்பட்ட கட்டளைகளைப் பாடக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பிள்ளைகளின் பெயர், படம், குரல், கையெழுத்து எதையும் செயலியில் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 ஆக இருக்கலாம் என்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த வயதை எட்டவில்லை. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றினால் வேலை சுலபம்தான். இருந்தாலும் 15 வாக்கியங்களைக் கையால் தட்டச்சு செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியவருகிறது.