ஐந்து கிலோ ரம்புத்தான் வந்துவிட்டால்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் என் வீட்டுக்காரரைப் பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் தனியாக அனுப்பக் கூடாது. சாலையோரப் பழக்கடையைக் கண்டால் கார் தானாக நின்றுவிடும். போன வாரம் வந்து இறங்கியவை: ஐந்து கிலோ ரம்புத்தான், ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம், இரண்டு டுரியான். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ரம்புத்தானைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பறித்த பிறகு அது பழுக்காது, காய மட்டும்தான் செய்யும். அந்த மயிர்கள் வழியாகவே ஈரம் போய்விடும். மேசைமேல் விட்டால் மூன்றாம் நாள் தோல் கறுத்து விறைத்துவிடும். கொத்திலிருந்து கையால் பிய்க்காதீர்கள். காம்படியில் தோல் கிழிந்தால் அந்த ஓட்டையில் எறும்பு நுழையும், பூஞ்சையும் பிடிக்கும். கத்தரிக்கோலால் கொஞ்சம் காம்பு விட்டு நறுக்குங்கள். கழுவ வேண்டாம், எறும்பிருந்தால் உதறினால் போதும். நாலைந்து துளை போட்ட பிளாஸ்டிக் பையில் ஒரு தாளை விரித்துப் போட்டு, ஐஸ் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தாங்குகிறது. மயிர் கறுத்ததைப் பார்த்து எறிந்துவிடாதீர்கள். உரித்துப் பாருங்கள், சதை வெள்ளையாக, புளித்த வாடையில்லாமல் இருந்தால் சாப்பிடலாம்.

வாழைப்பழத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குக் குளிர் தாங்காது. கல்யாணமான புதிதில் பச்சைச் சீப்பு ஒன்றை அப்படியே உள்ளே வைத்து, கறுத்த கட்டைகளாக வெளியே எடுத்திருக்கிறேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அது இன்னும் மோசம். வெளியே கயிற்றில் தொங்கவிடுங்கள். பழுத்த பிறகு உள்ளே வைத்தால் தோல்தான் கறுக்கும், சதைக்குக் கேடில்லை. மிஞ்சிக் கனிந்தால் பிசைந்து மாவில் கலந்து எண்ணெயில் விடுங்கள். மலாய்க்காரர்கள் செக்கோடோக் என்பார்கள், நமக்கு அது வாழைப்பழப் பணியாரம்.

பழுக்கும் வாழை, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் இருப்பதையும் அது சீக்கிரம் பழுக்க வைக்கும். கல்போன்ற மாங்காயை அரிசிப் பானையில் புதைப்பதன் சூட்சுமம் இதுதான்: வாயு வெளியே போகாமல் அங்கேயே தங்கும். பழுத்ததும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பூஜை ஆப்பிளைத் தனிப் பையில் கட்டி உள்ளே வையுங்கள். ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்ற இடம் உள்ளதை அன்றே பிழிந்துவிடுங்கள்.

டுரியான் சுளைக்கு இறுக்கமான டப்பா, அதன்மேல் இன்னொரு டப்பா. ஒரு மூடி சரியாகப் பொருந்தாத வருடம், எங்கள் வெண்ணெயும் பாலும் ஒரு வாரம் டுரியானாக இருந்தன. ஃபிரீசரில் வைத்துவிட்டு, சாப்பிடுவதற்கு முந்தின இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கினால் மெதுவாக இளகும். அவர் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. நடுராத்திரியில் சமையலறையில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்கும்.