‘நன்றாகத்தானே பேசுகிறார்’ என்று விட்டுவிடாதீர்கள்: மறதியோடு மனச்சோர்வும் சேரும்போது

வயதானவருக்கு மறதி கூடியிருக்கிறது, ஆனாலும் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். மருத்துவர் இதை ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்பார். இந்த நிலையில் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. வீட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

“மறதி வந்தால் மனம் சோரத்தானே செய்யும்” என்று சும்மா இருப்பது பெரிய தவறு. மனச்சோர்வே கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு. முதுமையில் அது அழுகையாக வராமல் உடல்வலி, தூக்கமின்மை, எரிச்சல், பிடித்ததில்கூட நாட்டமின்மை என்று வரலாம். இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது: “மனம் தேறினால் மறதியும் போய்விடும்” என்று நம்பி, மனச்சோர்வு குறைந்தபின் நினைவாற்றலை மறுபடி பரிசோதிக்காமல் விடுவது. வயதான காலத்தில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

படித்தவர்கள் விஷயத்தில் இன்னும் எளிதாக ஏமாந்துபோகிறோம். 1988இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அல்சைமர் நோயின் தடயங்கள் நிறைய இருந்தும் உயிரோடிருந்தபோது தடுமாறாத சிலரைக் கண்டார்கள். பாதிப்பைச் சமாளிக்கும் இந்தத் திறனைத்தான் அறிவாற்றல் சேமிப்பு என்கிறார்கள். கல்வி, சிந்திக்கவைக்கும் வேலை, பலரோடு பழகுவது எல்லாம் அதை வளர்க்கும். ஆனால் சேமிப்பு நோயை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. அறிகுறி வெளியே தெரியும் நேரத்தில் உள்ளே பாதிப்பு முற்றியிருக்கலாம். நினைவையும் கவனத்தையும் சோதிக்கும் 30 மதிப்பெண் மோகா (MoCA) தேர்வில் நல்ல எண் வந்துவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம். அவருடைய பழைய திறனோடு ஒப்பிடுங்கள். குறைவாகப் படித்தவருக்கு மதிப்பெண் குறைவதும் நோயால்தான் என்றில்லை. பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண் கூட்டுவது அதனால்தான்.

சேமிப்பு இருப்பவருக்கு மனச்சோர்வு வராது என்பதும் தப்புக்கணக்கு. கூர்மையாக வாழ்ந்தவர் தன் தடுமாற்றத்தைப் பிறருக்கு முன்பே உணர்ந்து, யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கிப்போகலாம். அந்த நேரத்தில் சுடோகு புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள். முடியாதபோது சோர்வுதான் கூடும். அவருக்குப் பிடித்ததை, முடிந்த அளவில், இன்னொருவரோடு சேர்ந்து செய்யவிடுங்கள். நடைப்பயிற்சியும் நல்லது.

அப்புறம் மருந்துகள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மாத்திரைகளும் சில தூக்க மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

“வாழ்ந்தது போதும்” என்று அவர் சொன்னால், வயதானவர் புலம்பல் என்று கடந்துபோவதைவிட மோசமான தவறு வேறில்லை. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.